கேட்காமல் விட்ட அறை

"கூரை ஒழுகுமா, ஒழுகாதா?" என்று ஹேசல் கேட்டாள். இது மூன்றாவது தடவை.

"ஒழுகறதுக்கு வாய்ப்பே இல்லைன்னு சொல்லிட முடியாதுங்க மேடம்" என்றார் சர்வேயர் பென்ரோஸ்.

"அப்போ ஒழுகும்."

"அப்படியும் நான் சொல்லலைங்க. தரையில நின்னு பைனாகுலர்ல பார்த்த வரைக்கும், கண்ணுக்குத் தெரிஞ்ச ஓடுங்க திருப்தியா இருக்கற மாதிரிதான் தெரியுது. தெரியாத ஓடுங்களைப் பத்தி நான் எதுவும் சொல்றதுக்கில்லை."

"ஏணி கொண்டு வந்திருக்கீங்களே, ஏறிப் பார்க்க வேண்டியதுதானே?"

"நம்ம ஏணி மூணு மீட்டர் வரைக்கும்தாங்க. கூரை அதுக்கு மேல இருக்கு."

ஹேசல் பல்லைக் கடித்துக்கொண்டாள். பர்மிங்ஹாம் பஸ் டிப்போவில் வாழ்நாள் முழுவதும் வண்டிகளுக்கு முறை போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவள் அவள். பஸ் வருமா என்று யாராவது கேட்டால் வரும், வராது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிப் பழகிய வாய். பென்ரோஸைப் போன்ற வழவழா கொழகொழா ஆளிடம் மாட்டிக்கொள்வாள் என்று யார் கண்டது?

வீடு வாங்கும்முன் ஒரு சர்வேயரை விட்டுத் தட்டிக் கொட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஓவர் ஸ்டிக்லி போன்ற பழைய ஊரில், முந்நூறு வயதான கல் வீட்டுக்கு அதைச் செய்தால், தாத்தாவை முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போன கதையாகிவிடும். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நிபுணரைப் பார்க்கச் சொல்வார்கள். பென்ரோஸின் அறிக்கை போன வாரமே வந்துவிட்டது. சுவரில் ஈரம் இருக்கக்கூடும், ஈர நிபுணரைப் பார்க்கவும் என்றது. உத்தரத்தில் வண்டு இருந்திருக்கக்கூடும், மர நிபுணரைப் பார்க்கவும் என்றது. ஈர நிபுணர் வந்து சுவரில் ஒரு கருவியைக் குத்திப் பார்த்துவிட்டு, இது புகைபோக்கி வழியாக இறங்குகிற ஈரமாக இருக்கலாம், புகைபோக்கி ஆளைப் பாருங்கள் என்றார். புகைபோக்கி ஆள் வந்து, இதையெல்லாம் சர்வேயர்தான் சொல்ல வேண்டும் என்று கையை விரித்தார். ஆளாளுக்குக் காசு வாங்கிக்கொண்டதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

அதன் பிறகுதான் ஹேசல் போனை எடுத்தாள். "எழுதிக் கொடுத்ததை என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க, வாங்க" என்று பென்ரோஸை நேரிலேயே வரவழைத்துவிட்டாள். கணவன் டெஸ்மண்டையும் அழைத்து வந்திருந்தாள். அவன் இந்த வீட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தான்.

டெஸ்மண்ட் பஸ் ஓட்டியவன். பக்கவாதம் வந்து இடது கால் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அவர்களுடைய பிளாட் மூன்றாவது மாடியில். கட்டடத்து லிஃப்ட் ஓடுகிற நாளைவிட ஓடாத நாளே அதிகம். இன்று அவனைக் கீழே இறக்குவதற்கு எதிர் பிளாட்டுக்காரர் ஒரு பக்கம், ஹேசல் ஒரு பக்கம் என்று தாங்க வேண்டியிருந்தது. அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான். யாரையும் கூப்பிடாமல், தானே ஒரு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நிற்க வேண்டும்.

அப்படி ஒரு கதவு கிடைப்பது சுலபமில்லை. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கீழே ஒரு கூடமும் சமையலறையும்தான் இருக்கும். படுக்கையறைக்கு ஏணிபோல் செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். ஒட்டிக் கட்டிய மூன்று வீடுகளில் கடைசியான இந்த ஒன்றில்தான் கீழேயே மூன்றாவது அறை ஒன்று இருந்தது. அதிலிருந்து தோட்டத்துக்கு ஒரு கதவு, வாசற்படி கூட இல்லாமல், தரைமட்டத்தில். அந்த அறைக்காகவே ஹேசல் கூரையையும் வண்டையும் ஈரத்தையும் சகித்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

வந்தவுடன் டெஸ்மண்டை அந்த அறையில் உட்கார வைத்தாள். அவன் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, கதவைத் திறந்து வெளியே போனான். உள்ளே வந்து சாத்தினான். மறுபடி திறந்து போனான். அவன் முகத்தை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"என்ன, கதவைத் தேச்சுடுவ போலிருக்கே?" என்றாள்.

"நீ போய் அந்த ஏணிக்காரனைக் கவனி. என்னைத் தொந்தரவு பண்ணாத" என்றான் டெஸ்மண்ட்.

ஏணிக்காரரோ தோட்டத்தில் நின்று அளவுநாடாவை இழுத்துக்கொண்டிருந்தார். வெளிச்சுவரை அளந்தார். உள்ளே வந்து அறைகளை அளந்தார். மறுபடி வெளியே போய் அளந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"என்னங்க?" என்றாள் ஹேசல்.

"ஒண்ணுமில்லைங்க மேடம். ஒரு சின்ன விஷயம். உங்களுக்கு ஆர்வம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்..."

"பென்ரோஸ்!"

"மாடி முடியற இடத்துல கீழ் வீடு முடியலைங்க. இன்னும் ஒரு அறை நீளத்துக்குப் போகுது. உங்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கற ரூமு, பக்கத்து வீட்டு மாடிக்குக் கீழ இருக்கு."

"அப்படின்னா?"

"அந்த அறை பக்கத்து வீட்டைச் சேர்ந்ததா இருக்கறதுக்கான சாத்தியத்தை முற்றிலும் ஒதுக்கிட முடியாதுங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக பென்ரோஸ் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அது இந்த விஷயமாகவா இருக்க வேண்டும்?

வீட்டை விற்கிற லாவிங்டன் அம்மாள் கூடத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய, முத்துமாலை போட்ட விதவை. கடலோரத்தில் மகளோடு போய் இருக்கப்போகிறார். ஹேசல் நேராகப் போய்க் கேட்டாள்.

"அந்தப் பின்னறையா? அது அம்புரோஸ் டிரான்டரோடது கண்ணு" என்றார் அம்மாள், சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்பதுபோல.

"என்னது?"

"எங்க மாமியாருக்கு உடம்பு முடியாம போச்சு. மாடி ஏற முடியலை. என் வீட்டுக்காரர் ஹம்ப்ரி பக்கத்து வீட்டுல போய்க் கேட்டார். அம்புரோஸ் தனிக்கட்டைதானே, தாராளமா எடுத்துக்கோங்கன்னுட்டார். சுவத்தை உடைச்சு நம்ம பக்கம் ஒரு வாசல் வச்சோம், அவர் பக்கத்து வாசலைப் பலகை போட்டு அடைச்சோம். வசந்த காலம் வரைக்கும்னுதான் பேச்சு."

"உங்க மாமியார்?"

"அவங்க போய்ச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, பாவம்."

"அப்புறம் ஏன் திருப்பிக் கொடுக்கலை?"

லாவிங்டன் அம்மாளின் முகத்தில் மெய்யான வியப்பு. "அவர் கேக்கலையே கண்ணு. கேக்காதப்போ நாமளா போய் திருப்பிக் கொடுத்தா, என்னவோ அவர் உறவே வேண்டாம்னு முறிச்சுக்கற மாதிரி இருக்காதா? பிஸ்கட் எடுத்துக்கோ."

ஹேசல் பிஸ்கட் எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துக்குப் போய் வக்கீலைப் போனில் கூப்பிட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பத்திரத்தோட இருக்கற வரைபடத்துல தடிமனா ஒரு சிவப்புக் கோடுதான் இருக்கு. அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் இவங்க கையிலேயே இருந்திருக்கு, அனுபவ பாத்தியதைன்னு கேட்டு வாங்கிடலாம். ஒரே ஒரு சிக்கல். அனுமதியோட இரவல் கொடுத்ததுன்னா பாத்தியதை வராது. அது அந்த டிரான்டர் வாயில இருக்கு. அவர் நான்தான் கொடுத்தேன்னு சொன்னா அவருது. வாயைத் திறக்கலைன்னா உங்களுது."

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. முக்கியமா அவர்கிட்ட எதையும் கேக்காதீங்க. இத்தனை வருஷம் பேசாதவர் இனிமேலா பேசப்போறார்?"

ஹேசல் போனை வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டத்தில், உயரமான ஒரு கிழவர் கூன் விழுந்த முதுகோடு நின்றிருந்தார். கையில் செடி வெட்டும் கத்தரி. காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார், இதுவரை ஓர் இலையைக்கூட வெட்டியதாகத் தெரியவில்லை. அவள் பார்த்ததும், அழகான வெயில், இல்லையா என்றார். ஆமாம் என்றாள். அவர் உள்ளே போய்விட்டார்.

கேட்காமல் இருப்பது எவ்வளவு சுலபம்! பென்ரோஸ் எதையும் அடித்துச் சொல்ல மாட்டார். லாவிங்டன் அம்மாள் கடலோரம் போய்விடுவார். டெஸ்மண்ட் தினமும் கதவைத் திறந்துகொண்டு போவான். சும்மா இருந்தாலே போதும். இந்த ஊரில் எல்லோரும் அதில் கைதேர்ந்தவர்கள்தானே? ஹேசல் தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பிறகு தெருவழியாகப் போய் டிரான்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்க அவளால் முடியாது. அந்தக் குணத்தால் டிப்போவில் அவள் பட்ட பாட்டுக்கு அளவில்லை.

டிரான்டர் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி, இடம் கொஞ்சம் குறைச்சல், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். குறைச்சல் என்பது பொய்யில்லை. நடையில் துணி துவைக்கும் இயந்திரம் நின்றது. ஹேசல் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது. கூடத்தில் பாதியைச் சமையல் மேடை பிடித்துக்கொண்டிருந்தது. அடுப்புப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதன்மேல் தலையணையும் மடித்து வைத்த போர்வையும். காலடியில் செருப்பு, எட்டும் தூரத்தில் மாத்திரைகள். மாடிப்படி முழுக்க அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அந்தப் படியில் மனிதர் கால் வைத்து வருஷங்கள் ஆகியிருக்க வேண்டும்.

"இங்கயா தூங்கறீங்க?" என்றாள் ஹேசல்.

"இடுப்பு எலும்புங்க. மாடி ஏற வரமாட்டேங்குது. பிரமாதமா ஒண்ணும் இல்ல, பழகிடுச்சு. டீ போடட்டுமா?"

"டீ வேண்டாம். அந்தப் பின்னறை உங்களுதா?"

டிரான்டர் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "ஹம்ப்ரிக்கு அப்போ தேவைப்பட்டுதுங்க. அவங்க அம்மாவுக்கு..."

"அது தெரியும். உங்களுதா, இல்லையா?"

"உங்க வீட்டுக்காரர் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடறதை வேலிகிட்டேர்ந்து பார்த்தேன். எவ்வளவு சந்தோஷம் அவருக்கு! நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

கிடைத்துவிட்டது. கேட்டாகிவிட்டது, அவரும் கொடுத்துவிட்டார், மனச்சாட்சிக்கும் குறையில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பி வர வேண்டியதுதான் பாக்கி. ஹேசல் வாசல் பக்கம் திரும்பியும் விட்டாள். நாற்காலியின் கைப்பிடியில் துணி தேய்ந்து, உள்ளேயிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. இந்த மனிதர் ஹம்ப்ரியிடமும் இதே குரலில், இதே சொற்களைத்தான் சொல்லியிருப்பார் என்று அவளுக்குப் பட்டது.

"வேலிகிட்ட எதுக்குக் காலையிலேர்ந்து நின்னுட்டிருந்தீங்க?" என்றாள்.

அவர் தலை குனிந்தது. "உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வாங்க வந்தாங்க. மூணு சர்வேயர் வந்தாங்க. யாராவது ஒருத்தர் உள்ளயும் வெளியயும் அளந்து பார்ப்பாங்க, தானா தெரிஞ்சுடும்னு நினைச்சேன். எல்லாரும் ஈரத்தையே பார்த்துட்டுப் போயிட்டாங்க."

"ஆக, உங்களுக்கு அது வேணும்."

"வேணும்னு இல்லைங்க. வந்து... கேக்கறது மரியாதையா இருக்காதில்லையா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து, ஏன், இந்த வீட்டைப் பார்த்த நாளிலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் ஹேசலுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"மரியாதையைத் தூக்கி அடுப்புல போடுங்க! முப்பது வருஷமா அந்தம்மா கொடுக்கலை, நீங்க கேக்கலை, ஊரே தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கு! யாரோ அளந்து சொல்லணுமாம்! ராத்திரியெல்லாம் நாற்காலியில உட்கார்ந்துகிட்டு, எனக்கு அவசரமில்லைன்னு என்கிட்டயே சொல்றீங்க! வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணுமா, வேண்டாமா?"

டிரான்டர் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"வேணும்" என்றார். பிறகு, தன் குரல் தனக்கே பிடித்துப்போனதுபோல இன்னொரு தடவை சொன்னார். "எனக்கு என் ரூம் வேணும். படுத்துத் தூங்கணும்." உடனே பதறிப்போய், "மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"மன்னிப்பு கேட்டீங்கன்னா அடிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு ஹேசல் வெளியே வந்தாள். ஒரு வார்த்தையைப் பிடுங்கப் போய் தன் வீட்டையே பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

லாவிங்டன் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள். பின்னறை இல்லாத வீடு எங்களுக்கு உதவாது, நாங்கள் வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அம்மாளுக்கு இரண்டாவது செய்தி காதிலேயே ஏறவில்லை.

"அம்புரோஸா? வேணும்னு வாயைத் திறந்தே சொன்னாரா?" அம்மாளின் கண்கள் கலங்கின. "எத்தனை கிறிஸ்துமஸுக்கு என் கையால பண்டம் சுட்டுக் கொடுத்திருக்கேன்! ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பேனே! அவ்வளவு மட்டமானவள்னா என்னை நினைச்சுட்டார்?"

கொடுத்திருப்பார். அதில் சந்தேகமே இல்லை. அதுதான் ஹேசலுக்குத் தாங்க முடியவில்லை.

டெஸ்மண்ட் பின்னறையில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"டெஸ்மண்ட்..." என்று தொடங்கினாள்.

"சொல்ல வேண்டாம். இந்தப் பக்கம் சுவரு இல்ல, பலகைதான். எல்லாம் கேட்டுது."

அவள் சுவரோரம் சாய்ந்து நின்றாள்.

"அவரே வச்சுக்கோங்கன்னு சொன்னாரு இல்ல?" என்றான்.

"சொன்னாரு."

"அதோட கிளம்பி வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

"நான் இங்க நல்லாத் தூங்கியிருப்பேன் ஹேசல்."

அவன் தேற்றுவான், நீ செய்ததுதான் சரி என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவன், அதைக்கூடவா சொல்ல மாட்டான்? சொல்லவில்லை. கோபமாக இருந்தான். கோபப்பட அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"அந்த ஆளு நாற்காலியில உட்கார்ந்தபடியே தூங்கறாரு, டெஸ்மண்ட்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? எனக்கும்தான் கால் வரலை."

நேரமாகிவிட்டது, எதிர் பிளாட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் அவனை மாடி ஏற்ற முடியும். அவன் கோட்டை எடுத்து வந்து, எழுப்பிவிடக் கையை நீட்டினாள். அவன் கையைப் பிடிக்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றித் தானே எழுந்தான். கார் நிற்கும் பக்கம் போகும் வழியை விட்டுவிட்டுத் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், அவளுக்கு முதுகைக் காட்டியபடி வெயிலில் நின்றான்.

ஹேசல் காத்திருந்தாள். காற்று உள்ளே வந்தது. அவனுக்குச் சளி பிடிக்கும் என்று கதவை ஒருக்களித்துச் சாத்தப் போனாள்.

"சாத்தாத" என்றான் டெஸ்மண்ட், திரும்பிப் பார்க்காமல். "நீ போய் கார்ல உட்காரு. நானே சாத்திட்டு வரேன்."